உப்பில்லாப் பத்தியமும் எட்டு மணி ரத்தமும்

மூன்று மாதத்துக்கு ஒரு முறை தஞ்சாவூருக்கு ரத்தம் கொடுக்கப் போகிறேன். குடவாசலில் முதல் பஸ்ஸைப் பிடித்து, கும்பகோணத்தில் மாறி ஏறினால் லேப் திறக்கும்போது போய் உட்கார்ந்துவிடலாம். சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, வருஷத்துக்கு ஒரு தடவை தைராய்டு. ஊசி போடுகிற பெண்ணுக்கு என் நரம்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது என்னைவிட நன்றாகத் தெரியும். எல்லாம் பழகிவிட்டது. ரத்தம் கொடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளியே வந்து பக்கத்து நாற்காலியைப் பார்ப்பதுதான் இன்னும் பழகவில்லை. அந்த நாற்காலியில் மல்லிகா அக்கா இருக்க வேண்டும். அவர் இப்போது ஓசூரில், மகள் வீட்டில், பேரனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

யாராவது ஆஸ்பத்திரி நாட்களுக்காக ஏங்குவார்களா என்று என் மகள் கேலி செய்கிறாள். நான் ஏங்குகிறேன். என்னைப் போல உடம்பு கறுத்து, காரணம் தெரியாமல் துவண்டு கிடக்கிறவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்தால் நல்லது. ஆனால் அதற்காகத்தான் எழுதுகிறேன் என்று சொன்னால் பொய். அக்காவுக்காக எழுதுகிறேன்.

மல்லிகா அக்கா என் கூடப் பிறந்தவர் இல்லை. என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. ஒரே வீட்டில் இந்தப் பக்கம் அவர் அடுப்பு, அந்தப் பக்கம் என் அடுப்பு. நடுவில் கூடம். எதற்காக அடுப்பு பிரிந்தது என்று கேட்டால் இரண்டு பேருமே உடனே சொல்லமாட்டோம். என் வீட்டுக்காரர் கத்தாரில் ஏசி மெக்கானிக். நிலத்தை அவர் அண்ணன், என் மூத்தார், பார்த்துக்கொண்டார். எனக்கும் அக்காவுக்கும் பேச்சு என்றால் "கரண்டு பில் வந்துருக்கு", "தண்ணி மோட்டார் போட்டாச்சு", அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஆடியிலிருந்தே எனக்கு உடம்பு சரியில்லை. சம்பா நடவு ஆட்களுக்கு டீ எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தால் பாதியில் உட்கார்ந்துவிடுவேன். படுத்து எழுந்தால் கண் இருட்டும். சோறு இறங்காது, இறங்கினாலும் தங்காது. ரவிக்கைகள் தோளில் தொங்க ஆரம்பித்தன. கூடவே கறுத்துக்கொண்டே வந்தேன். வெயில் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன். உள்ளங்கை ரேகையும் விரல் முட்டியும் எந்த வெயிலில் கறுத்தன என்று அப்போது யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இன்னொன்றும் இருந்தது. எனக்கு உப்பு மேல் பைத்தியம் பிடித்திருந்தது. ஊறுகாயைக் கரண்டியால் எடுத்துத் தின்றேன். சோற்றைவிடக் கருவாடு அதிகமாகத் தட்டில் இருந்தது. மகள் பார்க்காத நேரத்தில் கல்லுப்பை வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன்.

ஒருநாள் கொல்லையில் நான் வாந்தி எடுப்பதைப் பார்த்த அக்கா, பல வருஷத்துக்குப் பிறகு என் அடுப்படிக்குள் வந்தார். என் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"எவ்ளோ நாளாடி இப்படி? இது கருங்காமாலை. மஞ்சக் காமாலையக் கவனிக்காம விட்டா இப்படித்தான் கறுத்துப் போவும்."

எங்கள் பக்கத்தில் காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவார்கள், சர்க்கரைக்கு லேபுக்குப் போவார்கள். காமாலைக்கு மட்டும் யாரும் ரத்தம் எடுக்கப் போவதில்லை. அது கீழாநெல்லிக்கு என்று எழுதி வைத்தது. பக்கத்து ஊர் வைத்தியர் நாடியைப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், அக்கா சொன்னதற்குத் தலையாட்டினார். கீழாநெல்லியை அரைத்து மோரில் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். உப்பு, புளி, எண்ணெய் மூன்றும் ஆகாது. உப்பு சுத்தமாக ஆகாது.

அன்றைக்கே அக்கா என் அடுப்பை மூடினார். ஊறுகாய் ஜாடி, கருவாட்டுப் பை, உப்பு டப்பா எல்லாம் அவர் பக்கம் போய்ப் பூட்டுக்குள் உட்கார்ந்தன. மூன்று வேளையும் அவர் கையால் மோர் சோறு வந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து நான் தின்று முடிக்கும்வரை எழுந்து போகமாட்டார். என் மேல் இவருக்கு இத்தனை அக்கறை இருந்ததா என்று எனக்கு ஆச்சரியம். அந்த ஆச்சரியத்திலேயே உப்பில்லாத சோற்றை விழுங்கினேன்.

விழுங்கினேனே தவிர உடம்பு கேட்கவில்லை. ஒருநாள் மாட்டுக் கொட்டகைக்குள் போய், தவிட்டில் கலக்க வைத்திருந்த உப்பை அள்ளி வாயில் போட்டுவிட்டேன். நிமிர்ந்தால் அக்கா நிற்கிறார்.

"ஏண்டி, மாட்டுக்கு வச்சதயா திங்கிற? ஒரு மண்டலம் வாயக் கட்ட முடியாதா ஒனக்கு? புள்ளைய நெனச்சுப் பாரு."

அடுத்த நாள் மாட்டு உப்பும் பரணுக்குப் போய்விட்டது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் பாயிலிருந்து எழுந்தேன். எழுந்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு ஞாபகம் இருப்பது ஆஸ்பத்திரி விட்டமும் விளக்கும்தான். மூத்தார் பக்கத்து வீட்டுக் காரில் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கும்பகோணம் போக, அவர்கள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். தஞ்சாவூரில் பிரஷர் பார்க்கிற மெஷின் முதலில் எதுவுமே காட்டவில்லையாம். கட்டிலைச் சுற்றி ஆட்கள் ஓடினார்களாம். இரண்டு கையிலும் ஊசி ஏற்றி, ரத்தத்தைப் பல குழாய்களில் பிடித்துக்கொண்டு, ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் மருந்தையும் பாட்டிலையும் ஏற்றிவிட்டார்கள்.

நான் கண் விழித்தபோது அக்கா நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"பாட்டில்ல என்னம்மா போவுது? குளுக்கோஸா?"

"இது சலைன்மா. உப்புத் தண்ணி."

"உப்பா?"

"ஆமாம்மா. உடம்புல உப்பு ரொம்பக் கொறஞ்சு போச்சு. இது நாலாவது பாட்டில். இன்னும் போவும்."

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாட்டிலையே பார்த்தார். சொட்டுச் சொட்டாக அது என் கைக்குள் இறங்குவதை அவர் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் ஹார்மோன் டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண். கையை விரிக்கச் சொன்னார், வாயைத் திறக்கச் சொன்னார். ஈறில் மை தடவியது போலக் கறுத்திருந்ததை அப்போதுதான் அக்காவும் பார்த்தார்.

"இந்தக் கறுப்பு எப்பலேருந்து?"

"ஆடியிலேருந்து டாக்டர். வெயில்னு நெனச்சோம்."

"வாய்க்குள்ள வெயில் அடிக்காதே," என்று சிரித்தார். "உப்பா சாப்பிடணும்னு தோணுச்சா?"

நான் அக்காவைப் பார்த்தேன். பிறகு, "தோணுச்சு டாக்டர்," என்றேன்.

"சாப்பிட்டீங்களா?"

அக்காதான் சொன்னார்.

"நாந்தான் குடுக்கல டாக்டரு. காமாலைன்னு பத்தியம் வச்சேன். உப்பு டப்பாவப் பூட்டி வச்சேன். மாட்டு உப்ப எடுத்துத் தின்னா, அதையும் புடுங்கிட்டேன்."

டாக்டர் கோபப்படவில்லை. "நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சீங்க. இனிமே மாத்திச் செய்யணும், அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். சிறுநீரகத்துக்கு மேலே குல்லா வைத்தது போல ஆளுக்கு இரண்டு சுரப்பி. அட்ரினல் என்று பெயர். உடம்பில் உப்பைப் பிடித்து வைப்பதும், காய்ச்சல், அடி, அதிர்ச்சி வந்தால் உடம்பைத் தாங்கி நிறுத்துவதும் அது சுரக்கிற ஹார்மோன்கள். அவற்றில் முக்கியமானது கார்ட்டிசால். என் சுரப்பி வேலையை நிறுத்திக்கொண்டிருந்தது. உப்பு சிறுநீரோடு போய்க்கொண்டே இருந்ததால்தான் உடம்பு உப்பு கேட்டது. சுரக்கவில்லையே என்று மூளை இன்னொரு ஹார்மோனை அனுப்பி அந்தச் சுரப்பியை அதட்டிக்கொண்டே இருக்குமாம். அந்த அதட்டல் அதிகமானால் தோல் கறுக்கும். கருங்காமாலை என்று நாங்கள் பெயர் வைத்தது அதற்குத்தான்.

"உறுதி பண்ண இன்னும் சில டெஸ்ட் இருக்கு. எதனால சுரப்பி கெட்டுச்சுன்னும் பாக்கணும். டிபியாலயும் இப்படி வரலாம்."

டிபி என்றதும் எனக்கு வீட்டில் இருக்கிற பிள்ளை ஞாபகம்தான் வந்தது. என் மகள் என்னோடு ஒரே பாயில் படுக்கிறவள்.

அன்று சாயங்காலம் என் அம்மாவும் தம்பியும் வந்தார்கள். விஷயம் எப்படியோ தம்பி காதுக்குப் போயிருந்தது. வார்டு என்றும் பார்க்காமல் கத்தினான். "உப்பில்லாமப் போட்டு எங்கக்காவக் கொல்லப் பாத்திருக்கீங்க. மச்சான் ஊர்ல இல்லன்னா யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சீங்களா?" அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அக்கா எதிர்த்துப் பேசுகிற ஆள். எங்கள் தெருவில் அவர் வாய்க்கு ஈடுகொடுக்க ஆள் கிடையாது. அன்றைக்கு என் சீப்பு, டவல், பிளாஸ்க் எல்லாவற்றையும் அம்மா பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு நாக்கு புரண்டு பேச வரவே நேரம் பிடித்தது. வந்ததும் அம்மாவிடம்தான் கேட்டேன்.

"காமாலைன்னு அக்கா போன் பண்ணாங்களே, நீ என்னம்மா சொன்ன?"

அம்மா பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"கல்லு மாதிரி பத்தியம் வையி மல்லிகா, அவ வாய் அடங்காதவன்னு நீதானே சொன்ன? பக்கத்துலதான் நான் படுத்திருந்தேன். நீ வந்து பாத்துக்கிட்டிருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்ப. செய்யறதுக்கு அவங்க இருந்தாங்க, அவ்ளோதான்."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். அன்றைக்கு மட்டும் அறையலாம் போல இருந்தது. உயிர் பிழைத்துவிட்டேன் என்பதே அந்த நேரம் பெரிதாகத் தெரியவில்லை. அக்கா இப்படியே போனால் திரும்ப என் பக்கம் வரமாட்டார், கூடத்துக்கு அந்தப் பக்கம் நின்று கரண்டு பில் பற்றி மட்டும் பேசுவார் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

அம்மாதான் போன் போட்டார். "மல்லிகா, காலையில எட்டு மணிக்கு ஏதோ ரத்தமாம். எனக்கு இங்க லேபும் தெரியல, ஒண்ணும் தெரியல. அந்தப் பய பேசுனத மனசுல வச்சுக்காதம்மா. நீ வந்துரு."

மறுமுனையில் என்ன பதில் வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. காலையில் முதல் பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினார். புடவை முழுக்கச் சாரல். யார் முகத்தையும் பார்க்காமல் பிளாஸ்க்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

எட்டு மணி ரத்தம் என்று அவர் பெயர் வைத்தது அன்றைக்குத்தான். கார்ட்டிசால் விடியற்காலையில் ஏறி, பொழுது சாயச் சாய இறங்குமாம். அதனால் காலை எட்டு மணி வாக்கில், அன்றைய மருந்தைப் போடுவதற்கு முன்னால் எடுத்துப் பார்க்க வேண்டும். ஏறவேண்டிய நேரத்திலேயே ஏறவில்லை என்றால் சுரப்பி படுத்துவிட்டது என்று அர்த்தம். மூளை அனுப்புகிற அதட்டல் ஹார்மோனுக்கு இன்னொரு குழாய். அதை ஐஸ் பெட்டியில் வைத்து வேகமாகக் கொண்டுபோனார்கள். பக்கத்துக் கட்டிலில் சர்க்கரைக்காகப் படுத்திருந்த பூம்புகார்ப் பக்கத்து அம்மா இதைப் பார்த்துவிட்டு, "ரத்தத்த எதுக்கு ஐஸ்ல வைக்கிறாங்க?" என்று கேட்டார்.

"ஒங்க ஊரு மீனு மாதிரிதான். வெளிய வச்சா கெட்டுப் போயிடுமாம்," என்றார் அக்கா.

பிறகு ஊசி டெஸ்ட். மூளை அனுப்புகிற அதே ஹார்மோனை மருந்தாக ஊசியில் போட்டு, அரை மணி கழித்து ஒரு ரத்தம், ஒரு மணி கழித்து ஒரு ரத்தம். சுரப்பிக்கு உயிர் இருந்தால் கார்ட்டிசால் எகிறும். அக்கா இதைப் பூம்புகார் அம்மாவுக்கு விளக்கியது எனக்குப் படுத்தபடியே கேட்டது. "போர்ல தண்ணி இருக்கா இல்லியான்னு மோட்டாரப் போட்டுப் பாக்குறது இல்லியா, அது மாதிரி." டாக்டர் வந்தபோது அந்த அம்மா, "தண்ணி வந்துச்சாம்மா?" என்று கேட்டுவைத்தார். டாக்டர் விழிக்க, நானும் அக்காவும் சிரித்துவிட்டோம். முந்தின நாளுக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான்.

தண்ணி வரவில்லை. கார்ட்டிசால் இருந்த இடத்திலேயே கிடந்தது.

டிபிக்கான சோதனைகளும் ஸ்கேனும் வர நாளாயிற்று. அந்தக் காத்திருப்பைத்தான் நான் இன்றைக்கும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். பயம் இருந்தது. ஸ்கேனுக்கும் மருந்துக்கும் கத்தாரிலிருந்து வந்த பணம் போன வழி தெரியவில்லை என்ற கவலையும் இருந்தது. ஆனாலும் மழை பெய்துகொண்டிருந்தது, எங்களுக்கு வேறு வேலை இல்லை. அடுப்பு இல்லை, மாடு இல்லை, வயல் இல்லை. வீட்டில் என் மகளை மூத்தார் பார்த்துக்கொண்டார். அவர் வைத்த ரசத்தைப் பற்றி அவள் போனில் சொல்லச் சொல்ல அக்கா தலையில் அடித்துக்கொள்வார். வராந்தா ஜன்னலோரம் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினோம். கல்யாணமாகி வந்த புதிதில் மூத்தாரிடம் பேச வெட்கப்பட்டு, தலைவலித் தைலம் வேண்டும் என்பதைக்கூட மாமியார் மூலம் சொல்லி அனுப்பியதை அவர் சொன்னார். தீபாவளிக்கு வார்டில் கொடுத்த லட்டை, சர்க்கரைக்காரர்கள் பார்க்காதபடி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று தின்றோம். என் தலையைப் பின்னிவிட்டு மல்லிகைச் சரம் வைத்துவிட்டார். "நோயாளின்னா அழுக்கா இருக்கணும்னு சட்டமா?" என்றார்.

ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். "அக்கா, நாம எதுக்கு அடுப்பப் பிரிச்சோம்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நீ வந்த புதுசுல என் மீன்கொழம்பச் சாப்பிட்டுட்டு, எங்க வீட்டுல இப்படி வைக்க மாட்டாங்கன்னு சொன்ன."

"அதுக்கா?"

"அப்ப அது பெருசா தெரிஞ்சுது."

அதற்காக இத்தனை வருஷம் போனதை நினைத்து எனக்கு அழுகை வந்தது. அக்காவுக்கும் வந்திருக்கும். அவர் எழுந்து பிளாஸ்க்கைக் கழுவப் போய்விட்டார்.

ரிசல்ட் வந்தது. டிபி இல்லை. உடம்பின் காவல் படையே ஆள் தெரியாமல் தன் சுரப்பியைத் தாக்கி அழித்துவிட்டது, சிலருக்கு அப்படி நடக்கும் என்றார் டாக்டர். தைராய்டையும் சர்க்கரையையும் பார்த்தார்கள், இரண்டும் சரியாக இருந்தன. சுரப்பி செய்யாத வேலையை இனி மாத்திரை செய்யும். கார்ட்டிசாலுக்குக் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, உப்பைப் பிடித்து வைக்க ஒரு சின்ன மாத்திரை. ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் கார்ட்டிசால் மாத்திரை இரட்டிப்பு, வாந்தி நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. "உப்பு நல்லா சாப்பிடலாம். வெயில் காலத்துல இன்னும் கொஞ்சம் சேத்துக்குங்க," என்று டாக்டர் சொன்னபோது அக்கா குனிந்து பைக்குள் எதையோ தேடினார்.

வீட்டுக்கு வந்த பிறகு என் அடுப்பு மறுபடி எரியவில்லை. அக்கா விடவில்லை. அவர் சமையலைத்தான் எல்லோரும் சாப்பிட்டோம். ஆனால் எனக்கு வருவது மட்டும் தனியாக, உப்புப் போடாமல் எடுத்து வைத்ததாக இருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் உப்பு.

"நீயே போட்டுக்க," என்பார். "ஒனக்கு நான் உப்புப் போட மாட்டேன். கொறச்சாலும் தப்பு, கூட்டினாலும் தப்பு. எனக்கு வேணாம் அந்தப் பொறுப்பு."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். டாக்டரே உங்களைக் குறை சொல்லவில்லையே என்றேன். கத்தாரிலிருந்து என் வீட்டுக்காரர் போனில் பேசி, "அண்ணி, நீங்க இல்லன்னா அவ இல்ல" என்றார். தம்பி பொங்கலுக்கு வந்து காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டான். எல்லாவற்றுக்கும் அக்கா "சரி சரி" என்றார். கிண்ணம் மட்டும் போகவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம், இவர் இன்னும் அந்தப் பாட்டிலின் முன்னாலேயே நிற்கிறார் என்று தோன்றும். என்னை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டு அவர் மட்டும் ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிட்டார்.

சித்திரையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரையை இரட்டித்துக் கொடுத்துவிட்டு, வாந்தி இல்லை என்று பார்த்துவிட்டு, அக்கா கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தார். பக்கத்தில் வழக்கம் போலக் கிண்ணம். எனக்குக் கையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. ஸ்பூன் நழுவிப் பாயில் விழுந்தது.

அக்கா என்னைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு கிண்ணத்துக்குள் விரல்களை விட்டு ஒரு சிட்டிகை எடுத்தார். கஞ்சியில் போட்டுக் கலக்கி, ஒரு வாய் ஊட்டிவிட்டுக் கேட்டார்.

"பத்துமா?"

கஞ்சியில் உப்பு சரியாக இருந்தது. அம்மா வீட்டில்கூட எனக்கு அத்தனை சரியாக யாரும் போட்டதில்லை.

"பத்தலக்கா," என்றேன். "இன்னும் கொஞ்சம் போடுங்க."

போட்டார்.